மின்சாரத்துக்கும் முறை வைப்போம்

சிறுபோகம் தொடங்கும் முன்னர் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் விடுவது என்று கூட்டம் கூடித் தீர்மானிப்பது வன்னி விவசாயிக்குப் புதிய விடயமல்ல. இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் வயல் செய்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லோரும் முழு வயலையும் விதைப்பதில்லை. இருக்கிற நீருக்கு ஏற்பப் பங்கிட்டு விதைக்கிறார்கள். மேல்வாய்க்காலில் இருப்பவர் முறை தவறித் தண்ணீரை மறித்தால், கடைவாய்க்காலில் இருப்பவரின் பயிர் வாடும்.

மின்சாரத்துறையினர் இன்று 'கேள்வி முகாமைத்துவம்' என்று பெரிய பெயர் சொல்லிப் பேசுவதும் அடிப்படையில் இதுதான். இருப்பதை அறிந்து, நேரம் அறிந்து, அடுத்தவரின் பங்கையும் அறிந்து பயன்படுத்துவது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குளத்து நீரை மாதக்கணக்காகத் தேக்கி வைக்கலாம். மின்சாரத்தைப் பெருமளவில் அப்படித் தேக்கி வைப்பது இலகுவல்ல, செலவும் அதிகம். நாடு முழுவதும் இந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அவ்வளவும் இந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

வெளிச்சம் இல்லாத ஆண்டுகள்

1990ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபோது வடக்குக்கு வந்த மின்தொடர் அறுந்தது. அதன் பின்னர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரு தலைமுறை மின்விளக்கைக் காணாமலே வளர்ந்தது. மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்த அந்நாட்களில், ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் ஒரு திரியும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சில்லைச் சுற்றும் கை ஓய்ந்தால் வானொலியும் ஓய்ந்துவிடும். உற்பத்தியும் பாவனையும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்ற மின்சாரப் பாடத்தை எமது மக்கள் அங்கேயே படித்துவிட்டார்கள்.

2009இல் போர் முடிந்தது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்களும் வெளியேறி, 2012 செப்ரெம்பரில் அது மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் மின்கம்பங்களும் வன்னிக்குள் மீண்டும் வந்தன. இன்று கிளிநொச்சிக் கிராமமொன்றில் எரியும் மின்குமிழ், லக்சபான நீர்வீழ்ச்சியோடும் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தோடும் மன்னார்க் கரையின் காற்றாலைகளோடும் ஒரே வலையில் பிணைந்திருக்கிறது. எனவே அந்த வலையில் எங்கோ விழும் அடி எமது வீட்டிலும் விழுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி கடந்து சில நிமிடங்களில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என்று அமைச்சர் கூற, பலரும் சிரித்தார்கள். ஆனால் ஒரு குரங்கு முழு நாட்டையும் இருட்டாக்கும் அளவுக்கு வலை ஏன் பலவீனமாக இருந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஞாயிறு என்பதால் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன. மின்சாரத் தேவை குறைவு. வெயிலோ நல்ல வெயில். கூரைகளில் பூட்டிய சூரியப் படலங்கள் அந்த நேரத்துத் தேவையில் கணிசமான பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஆகையால் நீர்மின், அனல்மின் நிலையங்களின் பாரமான சுழல் இயந்திரங்களில் சிலவே ஓடிக்கொண்டிருந்தன.

பழைய நெல் ஆலை எஞ்சினில் இருந்த பாரமான இரும்புச் சில்லை நினைத்துப் பாருங்கள். சுமை திடீரென்று கூடினாலும் அந்தச் சில்லின் வேகம் எஞ்சினைச் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கும். மின்வலைக்கும் அப்படிப்பட்ட தாங்குசக்தியைக் கொடுப்பவை பெரிய சுழல் இயந்திரங்களே. எமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று என்ற தாளத்தில் ஓடுகிறது. அந்தத் தாளம் அளவுக்கு மேல் குலைந்தால், இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே கழன்றுவிடும். ஒன்று கழன்றால் மற்றதன் மேல் சுமை ஏறும், அதுவும் கழலும். அன்று நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடையது. நின்றவற்றை மீண்டும் ஓட்ட நாட்கள் எடுத்ததால், பெப்ரவரி 10, 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு அமுலானது.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு புதினம் நடந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை மிகவும் குறையும் என்று அஞ்சிய இலங்கை மின்சார சபை, ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரைச் சூரியப் படலங்களை நிறுத்தி வைக்கும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2022 மார்ச் இறுதியில் எரிபொருள் வாங்கப் பணமின்றி 13 மணிநேரம் வரை இருளில் கிடந்த நாடு, மூன்றே ஆண்டுகளில் பகல் மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. குளம் வான் பாய்கிறது, ஆனால் பின்னேரம் வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்பது போன்ற நிலை இது.

மாலை ஆறரை மணி

ஏனெனில் சூரியன் மறையும் நேரத்தில்தான் நாட்டின் தேவை உச்சத்துக்கு ஏறுகிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான நான்கு மணிநேரத்தையே கட்டணப் பட்டியல்களில் 'உச்சநேரம்' என்கிறார்கள். எல்லா வீடுகளிலும் விளக்கு எரிகிறது, சமையல் நடக்கிறது, தொலைக்காட்சி ஓடுகிறது. இந்த நேரத்தை ஈடுசெய்ய எண்ணெயில் ஓடும் நிலையங்களையும் இயக்க வேண்டி வருகிறது. அந்த மின்சாரம் விலை கூடியது. அதன் செலவு கடைசியில் எல்லோருடைய கட்டணத்திலும் வந்து சேர்கிறது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறியபோது எத்தனை குடும்பங்கள் திணறின என்பதை நாம் அறிவோம்.

எனவே அயன் போடுவது, தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, மா அரைப்பது போன்ற வேலைகளை உச்சநேரத்திலிருந்து பகலுக்கு மாற்றுவது நல்ல பழக்கம். சாதாரண வீட்டு மின்மானி நேரத்தைப் பார்ப்பதில்லை. ஆகையால் உங்கள் மாதக் கட்டணம் இதனால் உடனே குறைந்துவிடாது. ஆனால் மேல்வாய்க்காலில் இருப்பவர் முறை காப்பதைப் போல, இது எல்லோருக்குமான உதவி.

பணம் மிச்சமாகும் வழி

கட்டணம் குறைய வேண்டுமானால் அலகுகள் குறைய வேண்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய 60 வாற்று இழைக் குமிழ்கள் நான்கு, நாளுக்கு ஐந்து மணிநேரம் எரிந்தால் மாதத்துக்கு 36 அலகுகள் செலவாகும். அதே வெளிச்சத்துக்கு 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ்கள் நான்கு போட்டால் ஐந்தரை அலகுகூட வராது. 1000 வாற்று அயன் ஒரு மணிநேரம் சூடாக இருந்தால் ஓர் அலகு. எனவே தினமும் ஒரு சட்டையாக அயன் போடாமல், கிழமைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள்.

60 என்ற எல்லையையும் மனதில் வையுங்கள். 2025ஆம் ஆண்டின் வீட்டுக் கட்டண ஒழுங்கின்படி, மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மாத்திரமல்ல, முதல் 60 அலகுகளுக்கும் கூடிய விலை கணக்கிடப்பட்டது. 58 அலகு எரிக்கும் குடும்பத்துக்கும் 62 அலகு எரிக்கும் குடும்பத்துக்கும் இடையில் நான்கு அலகு வித்தியாசம்தான், பட்டியலிலோ பெரிய வித்தியாசம். மின்மானியைக் கிழமைக்கு ஒரு தடவை வாசித்துக் கலண்டரில் எழுதி வைக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அடுத்தது தண்ணீர்ப் பம்பி. ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. இழப்புகளையும் சேர்த்தால் ஒரு குதிரைவலுப் பம்பி மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு எடுக்கும். வீட்டு இணைப்பிலேயே வளவுக் கிணற்றுப் பம்பியும் தினம் இரண்டு மணிநேரம் ஓடினால், அதுவே மாதத்துக்கு 60 அலகு! எனவே சில விடயங்களைக் கவனியுங்கள்:

- நிலத்தில் வைத்த பம்பியால் 20, 25 அடிக்கு மேல் நீரை உறிஞ்சுவது கடினம். கிணற்று நீர் இறங்கும் கோடையில் பம்பியை நீர்மட்டத்துக்குக் கிட்ட இறக்கி வையுங்கள்.
- குழாயின் விட்டம் சிறிதானால் உராய்வு பல மடங்காகும். தேவையற்ற வளைவுகளும் அப்படியே.
- அடிவால்வு ஒழுகினால் ஒவ்வொரு முறையும் வெறுங்குழாயை நிரப்பவே மின்சாரம் செலவாகும்.
- சொட்டுநீர் முறையில் குறைந்த தண்ணீரே போதும். இறைக்காத தண்ணீருக்கு மின்சாரமும் இல்லை, எண்ணெயும் இல்லை.

தண்ணீரே எமது பற்றரி

மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறிய 2022 ஓகஸ்டை எந்தத் தோட்டக்காரரும் மறந்திருக்க மாட்டார். அதன் பின்னர் சூரியப் பம்பிகளைப் பற்றி எமது கிராமங்களிலும் கேட்கத் தொடங்கினார்கள். பற்றரி வாங்க வசதி இல்லாவிட்டாலும், நடுப்பகல் வெயிலில் உயர்ந்த தொட்டியொன்றை நிரப்பி, பின்னேரம் பயிருக்கு விடலாம். மின்சாரத்தைத் தேக்குவது கடினம், தண்ணீரைத் தேக்குவது இலகு.

ஆனால் வெயில் இலவசம் என்று கிணற்றை வற்ற இறைத்துவிடக் கூடாது. கரையோரக் கிராமங்களில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும். இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் துந்தி என்ற கிராமத்து விவசாயிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் துணையோடு ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சூரியப் பம்பிகளுக்குத் தேவைப்படாத மின்சாரத்தை 2016 முதல் மின்வலைக்கு விற்கத் தொடங்கினார்கள். மின்சாரத்துக்கு விலை கிடைத்ததால் வீணாக நீர் இறைக்கும் ஆசை குறைந்தது. சூரிய மின்சாரமும் அவர்களுக்கு ஒரு விளைபொருளாயிற்று. எமது கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆராய வேண்டிய முன்மாதிரி இது. ஆனால் இங்கே பகல் மின்சாரம் மிஞ்சும் நாட்களும் உண்டு என்பதால், விற்பதற்கு முன் தேக்கும் வழியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

யார் குறைக்க வேண்டும்?

கடைசியாக ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு குமிழும் ஒரு தொலைக்காட்சியும் வைத்திருக்கும் குடும்பத்தைப் பார்த்து, நாட்டின் மின்நெருக்கடிக்கு நீங்கள்தான் காரணம் என்று எவரும் சொல்ல முடியாது. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாமல், இரவல் காணியில் இணைப்புக்காகக் காத்திருக்கும் குடும்பங்களிடம் சிக்கனம் பேசுவது அழகல்ல. அவர்களுக்கு முதலில் வேண்டியது வெளிச்சம். குளிரூட்டிகள் நாள்முழுதும் ஓடும் கட்டடங்களும் பெரிய தொழிற்சாலைகளும் முறை காப்பதே முதற் கடமை. மன்னாரில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலை 100 மெகாவாற்றுக்கு மேல் உற்பத்தி செய்யும் வலுவுடையது. பூநகரியின் காற்றையும் வெயிலையும் பற்றிப் பெருந்திட்டங்கள் பேசப்பட்டு வந்திருக்கின்றன. எமது மண்ணின் காற்றும் வெயிலும் நாட்டுக்குப் பயன்படும்போது, அந்த மண்ணின் கடைசிக் கொட்டிலுக்கும் வெளிச்சம் சேர வேண்டும் என்று கேட்பது எமது உரிமை.

உரிமையைக் கேட்பவர் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தண்ணீர் முறையோடு மின்சாரத்தையும் பேசுபொருளாக எடுங்கள். யார் யாரிடம் பம்பி உண்டு, எந்நேரம் ஓடுகிறது, எந்த வீட்டுக்கு இன்னும் இணைப்பில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு பிரதேச செயலகத்துக்கும் மின் அலுவலகத்துக்கும் போனால், உங்கள் பேச்சுக்குப் பெறுமதி கூடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் எம் முன்னோர். எமக்கு வந்து சேர வேண்டியதையும் அளந்தே கேட்போம்.