ஜீப்புக்குப் பல் மாற்றுவதா, இருசு மாற்றுவதா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் மோட்டார்த் தொழில் பெருகியிருப்பது யாவரும் அறிந்த விஷயம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் வருஷத்தில் ஹூண்டாய் கார்கள் செய்யப்படலாயின. ஓரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் டைம்லர் கம்பெனியாரின் லாரித் தொழிற்சாலையும் ஏற்பட்டன. ஆயினும் அச்சாலையை விட்டு உட்கிராமங்களுக்குள் இறங்கினால், ஏரிக்கரைப் பாதைகளும், ஐப்பசி கார்த்திகையில் உளையாகிவிடும் வண்டிப்பாட்டைகளும் முன்போலவே இருக்கின்றன. அவ்வழிகளில் எருவும், விதைமூட்டையும், பம்பு சாமான்களும் தம் சொந்த நிலத்துக்குக் கொண்டுசெல்வதற்கு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப்பைச் சிலர் வைத்துக்கொண்டிருக்கின்றனர்.

இவர்களில் அநேகர் முதலில் செய்வது, சேற்றுக்கு நல்லது என்று எண்ணிப் பெரிய டயர் போடுவதாகும். போட்ட சில நாட்களில் வண்டி மேட்டில் திணறுகிறது. கிளட்ச் தீய்ந்த நாற்றம் வருகிறது. பட்டறைக்குப் போனால் ஒருவர் "கிரவுன் பினியனை மாற்றுங்கள்" என்கிறார். மற்றொருவர் "இருசையே மாற்றிவிடுங்கள்" என்கிறார். இரண்டும் பெருஞ்செலவு. கையில் பணமில்லாதவர் வீட்டு நகையை அடகு வைக்கவும் துணிகிறார். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று அறியாமல் செய்யும் செலவு, ஏரியில் கரைத்த பெருங்காயம் போலாகும். ஆதலால் இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை இங்கே விளக்குவோம்.

இருசு வேறு, பல்லளவு வேறு

கட்டைவண்டியின் இருசு பாரத்தை மட்டும் தாங்குகிறது, அது சுழல்வதில்லை. சக்கரத்தின் குடந்தான் இருசின்மேல் சுழல்கிறது. ஜீப்பின் இருசுக்கோ இரண்டு வேலைகள். பாரத்தையும் தாங்க வேண்டும்; எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டும். இருசுக்கூட்டின் நடுவிலுள்ள உருண்டைப் பகுதியில் பினியன் என்ற சிறு பல்சக்கரமும், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பொருந்தியிருக்கின்றன. பெரியதின் பற்களைச் சிறியதின் பற்களால் வகுத்து வரும் எண்ணே பல்லளவு எனப்படும். கிரவுனில் 43 பற்களும் பினியனில் 8 பற்களும் இருந்தால், பல்லளவு 5.38. அதாவது எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஐந்தேகாலே அரைக்கால் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். இவ்வெண் பெரிதானால் இழுவை மிகும், வேகம் குறையும். சிறிதானால் வேகம் மிகும், இழுவை குறையும்.

ஜீப்பின் வரலாறு காட்டும் பாடம்

இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவத்துக்கென்று செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் பல்லளவு 4.88; அதாவது 39-க்கு 8. யுத்தம் முடியும் தறுவாயில், 1945-ம் வருஷத்தில், அதே கம்பெனியார் குடியானவர்களுக்கும் பயன்படும்படி சி.ஜே.2ஏ என்னும் ஜீப்பை வெளியிட்டார்கள். அது கலப்பை இழுக்கவும், பிற யந்திரங்களை ஓட்டவும் உத்தேசிக்கப்பட்டது. போர்க்களத்து வேகம் வயலுக்கு வேண்டியதில்லை; மெல்ல நடந்து பலமாய் இழுப்பதே வேண்டும். ஆகையால் பல்லளவை 5.38 ஆக்கினார்கள். டிரான்ஸ்பர் கேஸிலுள்ள தாழ்ந்த கியரையும் முன்னிலும் இழுவை மிகுந்ததாக்கினார்கள். டயரின் அளவு மாறவில்லை. பின்னர் மஹிந்திரா கம்பெனியார் இந்தியாவில் நெடுங்காலம் செய்துவந்த சி.ஜே.3பி ஜீப்பும் இந்த 5.38 வழியைச் சேர்ந்ததே. வேலை மாறினால் பல்லளவு மாற வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

கணக்குச் செய்யும் முறை

ஜீப்பின் பழைய 6.00–16 டயரின் குறுக்களவை ஏறக்குறைய 28 அங்குலம் என்று கொள்வோம். ஒருவர் அதை நீக்கி 31 அங்குல டயர் போடுகிறார். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் கடக்கும் தூரமும் பெரிதாகும். அதே அளவுக்கு இழுவை குறையும். 5.38-ஐ 28-ஆல் பெருக்கி 31-ஆல் வகுத்தால் 4.86 வருகிறது. வயலுக்கென்று கம்பெனியார் செய்த மாற்றம் முழுவதையும் பெரிய டயர் விழுங்கிவிட்டு, வண்டியைப் பழைய ராணுவ ஜீப்பின் அளவுக்கே கொண்டுபோய் விட்டதென்பது இதனால் விளங்கும். வேகங்காட்டும் கருவியும் பொய் சொல்லும். அது 40 என்று காட்டும்போது வண்டி 44-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

இழந்ததை மீட்க வேண்டிய பல்லளவைக் காணும் வழி எளிது. பழைய பல்லளவைப் புதிய டயரின் குறுக்களவால் பெருக்கி, பழைய டயரின் குறுக்களவால் வகுக்க வேண்டும். 4.88 உள்ள வண்டிக்கு 31 அங்குல டயர் போட்டால் 5.40 வேண்டியிருக்கும், கடையில் கிடைக்கும் 5.38 அதற்குப் போதும். ஆனால் முன்பே 5.38 உள்ள வண்டிக்கு 5.96 வேண்டுமென்று கணக்கு வரும். அவ்வண்டியின் இருசுக்கூட்டுக்குப் பொருந்தும் பல் அந்த அளவில் கிடைக்கிறதா என்பதை விசாரித்த பிறகே மேலே யோசிக்க வேண்டும்.

தம் வண்டியின் பல்லளவை அறியாதவர் வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, ஸ்டாண்டின்மேல் உறுதியாய் நிறுத்த வேண்டும். வண்டி இரண்டு சக்கர ஓட்டத்தில், நியூட்ரலில் இருக்க வேண்டும். பழைய ஜீப்புகளில் கைப்பிரேக்கு நடுத்தண்டையே பிடிப்பதால் அதையும் தளர்த்த வேண்டும். ஆகையால் கட்டை கொடுப்பதில் அஜாக்கிரதை கூடாது. பிறகு தூக்கிய சக்கரத்தைச் சரியாய் இரண்டு சுற்றுச் சுற்றி, நடுத்தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதென்று சாக்குக்கட்டிக் குறி வைத்து எண்ண வேண்டும். மறுசக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்று ஒரு சுற்றுக்குச் சமம். நடுத்தண்டு ஐந்துக்குச் சற்றுக் குறைய, நாலே முக்காலே அரைக்கால் சுற்றுச் சுற்றினால் பல்லளவு 4.88 ஆகும்.

பல் மாற்றுதல் எப்போது தகும்

வண்டி திணறுகிறது, மேல் கியரில் ஓட மறுக்கிறது, கிளட்ச் சீக்கிரம் தேய்கிறது. ஆனால் இருசுத் தண்டு முறிந்ததில்லை, இருசுக்கூடு வளையவில்லை, பாரமும் அளவுக்குட்பட்டதே. இப்படியிருந்தால் குறை இழுவையில்தான் உள்ளது. பல் மாற்றுவதே போதும்.

அப்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, முன் இருசிலும் பின் இருசிலும் பல்லளவு ஒன்றாயிருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கரங்களையும் இழுக்க விட்டால், ஒன்று முன்னே இழுக்க மற்றொன்று பின்னே பிடிக்க, இணைக்கும் தண்டுகளும் கியர்களும் முறுக்குண்டு கெடும். ஆகவே செலவை இரட்டித்தே கணக்கிட வேண்டும். இரண்டாவது, கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று இழைத்துச் சேர்க்கப்பட்ட ஜோடிகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மாற்றலாகாது. மூன்றாவது, இது கைத்திறனால் ஆகும் வேலை. பினியன் நிற்கும் ஆழம், பேரிங்கின் இறுக்கம், பற்களிடையே விடும் இடைவெளி ஆகிய மூன்றும் சரியாக அமைய வேண்டும். அந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவானது. டயல் கருவி இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து வைக்கக்கூடியதன்று. பற்களில் வர்ணம் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்துக் காட்டாத பட்டறையில் இவ்வேலையை ஒப்படைக்க வேண்டாம். வேலை முடிந்தபின் சில நூறு மைல் வரை பாரமின்றி மெதுவாய் ஓட்டி, இடையிடையே ஆற விட்டு, பிறகு எண்ணெயை மாற்ற வேண்டும்.

இருசு மாற்றுதல் எப்போது தகும்

இங்கே அநேகர் தவறிப்போகும் விஷயம் ஒன்றுண்டு. பல் மாற்றினால் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கியர்பெட்டிக்கும் பாரம் குறையும்; இருசுத் தண்டுக்குப் பாரம் குறைவதில்லை. பெரிய டயர் தரையை அதிகமாய்ப் பற்றி, நீண்ட நெம்புகோல் போலத் தண்டை முறுக்குகிறது. பல் மாற்றத்தால் அத்தண்டுக்கு வரும் பலம் இன்னும் கூடுகிறது. மேலும், அதே அளவுக் கூட்டுக்குள் பல்லளவைப் பெரிதாக்க வேண்டுமானால் பினியன் சிறுக்க வேண்டும். சிறுத்த பினியன் பலம் குறைந்தது. ஆகையால் தண்டு முறிந்துகொண்டிருக்கும் வண்டிக்குப் பல் மாற்றுவது, நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவதாகும்.

தண்டின் நுனிக்கோடுகள் முறுக்கியிருத்தல், கூடு வளைந்து டயர் ஒருபுறம் தேய்தல், ஒருமுறைக்கு மேல் தண்டு முறிதல், பாரத்தை நிரந்தரமாய் மிகுதியாக்க வேண்டியிருத்தல் ஆகியவை இருசின் பலக்குறைவுக்கு அடையாளங்கள். அப்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பாரத்தைக் குறைக்கலாகாதா என்பது. மயிலிறகேயானாலும் மிதமிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு இற்றுப்போகும் என்று வள்ளுவர் காலத்திலேயே கண்டிருக்கின்றனர். குறைக்க முடியாதபோதே பலமான இருசைத் தேடத் தகும்.

தேடும்போது பின் இருசின் அமைப்பை விசாரிக்க வேண்டும். ஒருவகையில் சக்கரம் தண்டின் நுனியிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. தண்டு முறிந்தால் சக்கரமே கழன்று ஓடக்கூடும். ஏரிக்கரையின்மேல் இப்படி நேர்ந்தால் ஆள்சேதம் விளையும். மற்றொரு வகையில், கட்டைவண்டியைப் போலவே, பாரத்தைக் கூடு தாங்குகிறது; தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. தண்டு முறிந்தாலும் சக்கரம் நிலைத்திருக்கும். பின்னதே பாரவண்டிக்கு ஏற்றது. அன்றியும், இருசு மாற்றம் இருசோடு முடிவதில்லை. வில்லின் பீடம், நடுத்தண்டின் நீளம், பிரேக்குக் குழாய், முன்புறமானால் ஸ்டியரிங் அமைப்பு ஆகிய யாவும் அதனுடன் மாறவேண்டியவை. புது இருசின் பல்லளவு மறு இருசோடு ஒத்திராவிட்டால், பல் மாற்றும் செலவும் கூடவே வரும்.

சட்டமும் கடனும்

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, வண்டியைச் செய்தவர் முதலில் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்று மாறுபடும்படி சொந்தக்காரர் வண்டியின் அமைப்பை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தியது. அவ்வருஷத்துத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே சாலையில் ஓட்டும் வண்டியானால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷியூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் விசாரித்த பின்பே இருசிலோ டயர் அளவிலோ கை வைக்க வேண்டும்.

சென்னை ராஜதானியில் 1904-ல் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்டது. கடனுக்கு உரைகல் ஒன்றுண்டு: வாங்கிய கடன் தன்னைத் தானே அடைக்குமா என்பதே அது. இருசுக்கு வாங்கும் கடனையும் அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். வருஷத்தில் எத்தனை நாள் உளையில் வண்டி போகிறது, அந்நாட்களில் வாடகை டிராக்டர் வைத்தால் என்ன செலவாகும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தால், அநேகருக்கு விடை தானே தோன்றும். வீட்டுப் பெண்டிரின் நகை வண்டியின் அடியில் போய்ச் சேரத் தகுந்த பொருளன்று.

சுருக்கம்

1. வண்டி திணறத் தொடங்கியது பெரிய டயர் போட்ட பின்பானால், பழைய அளவு டயரையே திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். இதுவே செலவு குறைந்த மருந்து, சட்டத்துக்கும் ஒத்தது.

2. பழைய டயரிலும் இழுவை போதாவிட்டால், இருசு நல்ல நிலையிலிருந்தால், முன்னும் பின்னும் பல் மாற்றலாம்.

3. முறிவும் வளைவும் கண்டால் பாரத்தைக் குறைக்க வேண்டும். அது இயலாதபோது அனுமதி பெற்று இருசை மாற்ற வேண்டும்.

4. டயரை அளந்து, பல்லளவை எண்ணி, கணக்கை எழுதி வைத்துக்கொண்ட பிறகே பட்டறைக்குச் செல்ல வேண்டும். கணக்கோடு போகிறவர் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவார். கணக்கின்றிப் போகிறவர் பட்டறைக்காரர் சொன்னதை வாங்கி வருவார்.