திரையில் நடக்கும் பிணங்கள்

2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிருதன்', தமிழின் முதல் ஜாம்பிப் படம் என்று விளம்பரம் பெற்றது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய இப்படத்தில் ஜெயம் ரவி போக்குவரத்துக் காவலராக நடித்தார். நச்சுத் திரவம் ஒன்றினால் தோன்றிய தொற்று ஊட்டி நகரில் பரவி மனிதரை மிருகமாக்குகிறது. மிருகமும் மனிதனும் இணைந்ததே தலைப்பு. அயல்நாட்டுச் சரக்கு என்று இதனை ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உண்டு. ஆயினும் நம் சபைகளின் வாலிபருள் பலர் இத்தகைய படங்களை விரும்பிக் காண்கின்றனர். அவ்விருப்பத்தின் காரணத்தை ஆராய்வது போதகருக்குத் தேவையற்ற வேலையன்று.

நம் நாட்டுப் பேய், உடலை இழந்த ஆவி. அது புளியமரத்தில் தங்கும்; ஒருவர்மேல் இறங்கும்; தன் குறையை வாய்விட்டுச் சொல்லும். ஜாம்பியோ ஆவியை இழந்த உடல். அதற்குப் பெயரில்லை, பேச்சில்லை. பசி மட்டும் உண்டு. விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளம் முருங்கை மரத்துப் பிணத்தினுள் குடியிருந்தும் கதை சொல்கிறது, கேள்வி கேட்கிறது. லாசருவும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டே கல்லறையினின்று வெளிவந்தான். ஜாம்பியை அழைக்க வழியில்லை. (பேயோட்டும் ஊழியருக்கும் இங்கே வேலையில்லை!)

இவ்வகைப் படங்களின் வழக்கங்கள் பலவும் இந்தப் பேச்சின்மையினின்று பிறப்பவை. பிணக் கூட்டம் தள்ளாடி வரும். அண்மைக்காலப் படங்களில் ஓடியே வரும். கடிபட்டவர் விரைவில் அக்கூட்டத்தில் ஒருவராவார். தப்பிய சிலர் ஒரு வீட்டினுள் கதவடைத்துக்கொள்வர். அவர்களுக்குள்ளேயே பூசல் மூளும். தான் கடிபட்டதை மறைப்பவர் ஒருவரும் அங்கே இருப்பார். மூளையைச் சிதைத்தாலன்றிப் பிணம் வீழாது. ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' இவற்றுள் பலவற்றை நிலைநிறுத்தியது. அப்படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே வருவதில்லை என்பது வியப்பு. 'மிருதன்' இவற்றோடு வெறிநாய்க்கடியின் நீரச்சத்தையும் சேர்த்துக்கொண்டது.

இவற்றின் கவர்ச்சி எதில் உள்ளது? நேற்றுவரை அயலாராயிருந்தவரை இன்று குற்றவுணர்வின்றிச் சுடலாம் என்ற அனுமதியே அது என்பது நம் கருத்து. ரொமேரோ இதனை அறிந்தவர். இரவெல்லாம் போராடிப் பிழைத்த கறுப்பின நாயகனை, விடிந்தபின் வேட்டைக்கு வந்தோர் பிணமென எண்ணிச் சுட்டு வீழ்த்துகின்றனர்.

ஆனால் ஜாம்பி பிறந்த இடம் வேறு. ஹைத்தியில் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து மடிந்தனர். 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் தனி நாடு அமைத்தனர். அம்மக்களின் நம்பிக்கையில் ஜாம்பி யாரையும் தின்பதில்லை. மந்திரவாதி கல்லறையினின்று எழுப்பி ஓயாது வேலை வாங்கும் பிணம் அது. செத்தும் விடுதலையில்லை என்பதே அவர்களுடைய அச்சம். 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்திலும் அவை கரும்பாலையில் உழைக்கின்றன. பிற்காலப் படங்களில் அடிமையாவோமோ என்ற அச்சம் மறைந்து, கூட்டம் நம்மை விழுங்குமோ என்ற அச்சம் அதன் இடத்தைப் பிடித்தது.

காஞ்சிபுரம் வட்டாரத்துத் தறிகளை அறிந்தவர்க்கு, தாமல் போன்ற ஊர்களில் ஊழியம் செய்வோர்க்கு, முந்தைய அச்சம் எளிதில் விளங்கும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத்தறியில் அமர்த்தப்பட்ட பிள்ளைகள் இப்பகுதியில் இருந்தனர். 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரும் அது நெடுங்காலம் நீடித்தது. தமிழில் 'நடைப்பிணம்' என்று நாம் சொல்வதும் கடிக்கும் பிணத்தையன்று, உயிரிருந்தும் வாழ்விழந்தவரையே.

பிந்தைய அச்சத்தையும் நாம் தெருவில் கண்டோம். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் மரித்த மருத்துவர் ஒருவரை அடக்கம்பண்ணச் சென்றோரைக் கூட்டம் தாக்கி விரட்டியது. பின்னர் அவருடைய நண்பரான மருத்துவர் தாமே மண்தள்ளிக் குழியை மூடினார்.

வாலிபர் கூடுகையில் இப்படங்களைப்பற்றிப் பேச நேர்ந்தால், கதவடைத்த வீட்டினுள் நின்று பார்க்கிறோமா, கரும்பாலையில் நின்று பார்க்கிறோமா என்று முதலில் கேட்கலாம். 'மிருதன்' படத்தின் முடிவில் நாயகனே தொற்றுக்கு ஆளாகிறான். பேச்சை அங்கிருந்து தொடங்குதல் எளிது.