கழிவு நீர்ச் சட்டமும் நம் கிணற்று நீரும்

“சட்டப்படி சுத்தம் செய்த நீர்தான், வயலுக்கு விட்டுக் கொள்ளுங்கள்” என்று ஆலைக்காரர் சொன்னால், விவசாயப் பெருமக்கள் உடனே வாய்க்கால் வெட்டிவிடக் கூடாது. சட்டத்தின் அளவு வேறு, பயிர் தாங்கும் அளவு வேறு.

நீர் மாசு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1974ஆம் ஆண்டு வந்தது. இதைச் செயல்படுத்தும் வாரியம் தமிழ்நாட்டில் 1982இல் அமைக்கப்பட்டது. ஆறு, ஓடைகளோடு கிணறும் நிலத்தடி நீரும் இச்சட்டத்தில் அடங்கும். நச்சுக் கழிவை நிலத்தில் விடுவதற்கும் தடை உண்டு.

பாசனத்துக்காக நிலத்தில் விடப்படும் கழிவு நீரில், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு வாரியத்தின் அளவு. ஆனால் மத்திய வாரியம் பாசன நீருக்கு வகுத்த தரப்படி மின்கடத்தும் திறன் 2250 மைக்ரோமோவுக்கு மேல் போகக் கூடாது. உப்புக் கணக்கில் இது ஏறத்தாழ 1440 மில்லிகிராம்தான். ஆக, ஆலைக்குள் சட்டத்தை மீறாத நீரே பாசனத் தரத்துக்கு மேல் உப்பாக இருக்கக் கூடும்!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2100 மில்லிகிராம் வீதம், ஒரே பாசனத்தில் 400 கிலோவுக்கு மேல் உப்பு வயலில் இறங்குகிறது. இவ்வளவு யூரியாவை யாராவது ஒரே நாளில் இடுவார்களா? வடிகால் நன்றாக உள்ள மணற்பாங்கான நிலத்தில் மழை ஓரளவு கழுவிவிடும். களிமண் நிலத்தில் உப்பு அப்படியே தங்கும். பருத்தி ஓரளவு தாங்கும்; பீன்ஸ் தாங்காது.

உப்பைப் போலவே சோடியத்தையும் கவனிக்க வேண்டும். அது மிகுந்தால் மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. பாசனத் தரத்தில் சோடியம் ஈர்ப்பு விகிதம் 26 வரையும், போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரையும் அனுமதிக்கப்படுகின்றன. 26 என்பது களிமண்ணுக்கு மிகவும் தாராளமான அளவு என்பதே நம் கருத்து.

நொய்யலில் நடந்ததைப் பலரும் அறிவர். 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக் கழிவு தேங்கியது. ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது.

2024இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. கழிவை நீரிலோ நிலத்திலோ விடுவதற்கு முன்பு ஒன்றரை முதல் ஆறு ஆண்டு வரை சிறை இருந்தது. திருத்தத்தின்படி அதற்குப் பதில் ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம். அதைக் கட்டாவிட்டால்தான் சிறைக்கு வழி. அனுமதி பெறாமல் ஆலை நடத்துவோருக்குச் சிறைத் தண்டனை நீடிக்கிறது. திருத்தம் முதலில் இமாச்சலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு வந்தது. ஆகவே காரைக்கால், புதுச்சேரி விவசாயிகளுக்கு இது பொருந்தும். மற்ற மாநிலங்களில் சட்டமன்றத் தீர்மானம் தேவை. பெரிய ஆலைக்கு ரூ.10,000 ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானதே.

கிணற்று நீரில் சந்தேகம் வந்தால், மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, தேதியும் சர்வே எண்ணும் எழுதி, தாமதமின்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து வைத்தால் மாற்றம் புலப்படும். ஆனால் ஆலைக் கழிவை நீங்களே பாட்டிலில் பிடித்து வந்தால், சட்டம் கூறும் மாதிரியாக அது ஆகாது. வாரிய அலுவலர் ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, முறைப்படி எடுத்த மாதிரியே செல்லும். எனவே ஆய்வறிக்கையை இணைத்து, மாதிரி எடுக்கக் கோரி மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். வாரியம் அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தனி நபரும் வழக்குத் தொடர 1988ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்துள்ளது. தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.