பரங்கிமலை அடிக்கோடு

நிலத்தை அளப்போர்க்கு ஏட்டறிவு மட்டும் போதாது. களத்தை நேரிற் கண்டு பெறும் அறிவும் வேண்டும். நில அளவைத் துறையினர் கண்டு கற்றற்குரிய களங்களுள் சென்னைப் பரங்கிமலையும் ஒன்றாகும்.

அம்மலையை அடுத்த சமவெளியில், 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வில்லியம் லாம்டன் என்பார் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதுவே அடிக்கோடு. முக்கோணம் ஒன்றின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரியின், ஏனைய பக்கங்களைக் கணக்கினாலேயே அறியலாம். அப்பக்கங்களின்மீது மேலும் முக்கோணங்களை அமைத்துக்கொண்டே செல்லலாம். ஆனால், அடிக்கோட்டிற் பிழை நேரின், அது முக்கோணங்கள் அனைத்திலும் புகுந்துவிடும் அன்றோ?

எஃகுச் சங்கிலி வெப்பத்தால் நீளும், குளிரிற் சுருங்கும். ஆதலின், நூறடிச் சங்கிலியை மரப்பெட்டிகளுட் கிடத்தி, வெப்பமானிகளை வைத்து, அவ்வேறுபாட்டையும் கணக்கிற் கொண்டனர். பணி முடிய 57 நாட்கள் ஆயின.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் அளவுவட்டம் நெளிந்தது. லாம்டன் மனந்தளரவில்லை, கைவினைஞர் சிலரோடு கூடாரத்துள் அடைந்திருந்து, ஆறு வாரங்களில் அதனைச் செப்பனிட்டார்.

1823இல் அவர் மறைந்த பின்னரும் முக்கோணங்கள் வடக்கே வளர்ந்து இமயத்தை எட்டின. 1856இல் எவரெஸ்டுச் சிகரத்தின் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பெற்றது. 2020இல் அறிவித்த 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 30 அடியே. முதற்கோட்டிற் காட்டிய கவனம் முடிவிற் பயன் தந்தது.