சிற்றுயிர்களும் சூரிய வெளிச்சமும்

தும்பைச் செடியின் நுனியில் வந்து அமரும் தட்டானைப் பார்க்காதவர் நம்மில் எவருமில்லை என்றாலும், அதன் சிறகில் ஓடும் நரம்புகளின் பின்னலையும், ஆயிரக்கணக்கான நுண்கண்கள் சேர்ந்து அமைந்த அதன் பெருங்கண்களின் விசித்திரத்தையும் கண்டு அனுபவித்தவர் மிகச் சிலரே. ஏனெனில் சுமார் 25 சென்டிமீட்டருக்கும் அருகில் உள்ள பொருளைத் தெளிவாகக் காணும் சக்தி, வயது வந்த மனிதரின் கண்ணுக்குப் பொதுவாக இல்லை. இந்தக் குறையை நிவர்த்தி செய்ய வந்ததே மேக்ரோ புகைப்படக் கலை. பொருளின் பிம்பம் காமிராவினுள்ளே அப்பொருளின் சொந்த அளவிலேயே விழ வேண்டும் என்பது அதன் இலக்கணம். ஆகவே 36 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு தட்டான், அதே அகலமுள்ள பிலிம் சட்டத்தை முழுவதும் நிறைத்துவிடும்.

ஆனால் நெருங்கிச் செல்வதற்கு ஒரு விலை உண்டு. சொந்த அளவில் பிம்பம் விழும்படி லென்ஸை முன்னே நீட்டும்போது, உள்ளே சேரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. படத்தில் கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழமோ, லென்ஸின் துவாரத்தை 8 என்னும் எண்ணில் வைத்தால்கூட, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். துவாரத்தை மேலும் சுருக்கினால் ஆழம் கூடும்; வெளிச்சம் இன்னும் குறையும். இந்தச் சங்கடத்திலிருந்து தப்பவே பலரும் பிளாஷ் விளக்கை நாடுகிறார்கள். அது பூச்சியைப் பளிச்சென்று காட்டுவது உண்மையே. ஆயினும் அதன் ஒளி தூரம் செல்லச் செல்ல வெகு விரைவில் தேய்ந்துபோவதால், பின்னாலுள்ள புல்லும் வானமும் பெரும்பாலும் இருளில் மூழ்கி, பட்டப்பகலில் எடுத்த படமும் நள்ளிரவில் எடுத்தது போலாகிவிடுகிறது.

இயற்கை வெளிச்சத்தை நம்புகிறவனோ காலத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்கிறான். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில், இரவின் குளிரால் உடல் விறைத்து, வெயில் ஏறி உஷ்ணம் பெறும்வரை பறக்க இயலாமல், பனித்துளிகளைச் சுமந்தபடி தட்டான்கள் அசையாது இருக்கும். காற்றும் அடங்கியிருந்தால், முக்காலியில் காமிராவைப் பொருத்தி, ஒரு நொடி வரையிலும்கூட நிதானமாக ஒளியை ஏற்கலாம். மேகம் கவிந்த நாளில் ஆகாயம் முழுவதுமே ஒரே விளக்காகி, கருநிழல் விழாமல் பூவின் நிறத்தை உள்ளபடி காட்டும். வெயில் கடுமையானால் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைச் சூரியனுக்கு எதிரே பிடித்து அதை மென்மையாக்குவதும், நிழல்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை வைத்து ஒளியைத் திருப்புவதும் எளிய உபாயங்கள். பின்னாலிருந்து வரும் ஒளியோ இலையின் நரம்புகளையும் தண்டின் மென்ரோமங்களையும் பிரத்தியட்சமாக்கும்.

சூரிய வெளிச்சம் ஒன்றே இத்துறையில் எவ்வளவு தூரம் போதுமானது என்பதற்கு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்து ஜெரிகோ என்ற ஊரில் வாழ்ந்த வில்ஸன் பென்ட்லி என்ற விவசாயி சாட்சி. தமது 19-ஆம் வயதில், 1885 ஜனவரி 15 அன்று, நுண்ணோக்கியைக் காமிராவுடன் இணைத்து, ஒரு பனிப்படிகத்தை அவர் படமெடுத்தார். பின்னர் 1931-இல் மறையும்வரை, கணப்பில்லாத குளிர்ந்த இடத்தில் நின்று, பகல் வெளிச்சத்தையே படிகத்தினூடே செலுத்தி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார்.

பூச்சிகள் அசையாதிருக்க வேண்டுமென்று அவற்றைக் குளிர்ப்பெட்டியில் அடைத்து, பின் பூவில் வைத்துப் படமெடுப்போரும் இருக்கிறார்கள். அது கலைக்கும் ஜீவகாருண்யத்துக்கும் ஒருங்கே விரோதமானது. ஒரு சிற்றுயிரின் உருவம் மட்டுமன்றி, அது வாழும் இடமும் வேளையும் சேர்ந்ததே அதன் உண்மையான சித்திரம். அந்த உண்மையைத் தரவல்லது இயற்கை வெளிச்சமே என்பதால், இக்கலையில் புகுவோர் விலையுயர்ந்த சாதனங்களைத் தேடுமுன், தம் வீட்டுத் தோட்டத்தில் எந்த வேளையில் எந்தச் செடியின்மீது வெயில் விழுகிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.