வேட்டைக் கதையும் வீட்டுத் துயரும்

செய்யாற்றங்கரையிலுள்ள நமது மாகறலில், முன்னெல்லாம் விளக்கு வைத்த பிறகு திண்ணைப் பேச்சு மழையைப் பற்றியோ நெல் விலையைப் பற்றியோ இருக்கும். இப்பொழுது எந்த வீட்டைத் தாண்டினாலும் போலீஸ் ஜீப்பின் உறுமலும் யாரோ ஒரு ஸ்திரீயின் அலறலும் கேட்கின்றன. "உண்மைச் சம்பவம்" என்று முதலில் ஒரு வரி காட்டிவிட்டால் போதும்; குடும்பம் முழுவதும் சாதத் தட்டைக் கையில் ஏந்தியபடி அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது.

இந்த ருசி புதியதன்று. நம் பாட்டனார் காலத்திலே கொலைச்சிந்துப் புஸ்தகங்களைச் சந்தைகளில் பாடி விற்றார்கள். காசு கொடுத்து வாங்கிப் போனவர்களும் கண்ணியமான குடும்பஸ்தர்களே. ஆகையால் பிறரைக் குறை சொல்ல நமக்கு அதிக யோக்கியதை கிடையாது. நாமும் பார்க்கிறோம்.

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சோனி லிவ் வெளியிட்ட 'தி ஹன்ட்' என்ற தொடரை ஏழு பாகமும் விடாமல் பார்த்தோம். 1991-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி இரவு, இன்று நம் காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில், தேர்தல் கூட்டத்திற்கு வந்த ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட கதை. குண்டில் மாண்ட போட்டோக்காரரின் காமிராவிலிருந்து துப்புத் துலங்கியதும், ஆகஸ்டு 20-ந் தேதி பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் சிவராசன் கூட்டத்தார் உயிரை மாய்த்துக்கொண்டதும் யாரைத்தான் கட்டிப் போடாது? பெயரே வேட்டை, ஆகவே கதை வேடர்களின் பின்னாலும் இரையின் பின்னாலும் ஓடுகிறது.

ஆனால் அன்றிரவு ராஜீவோடு பன்னிரண்டு பேருக்கு மேல் மாண்டார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் பலர். அந்த வீடுகளிலும் இந்தத் தொடர்கள் தெரியத்தானே செய்யும்? தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, இன்று தலை நரைக்கத் தொடங்கிய வயதில், அந்த வெடிச் சப்தத்தை வாத்திய இசையோடு மறுபடி கேட்க நேர்ந்தால்? இன்னொரு பக்கமும் உண்டு. 1998-ல் விசாரணைக் கோர்ட்டு 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு வருஷமே சுப்ரீம் கோர்ட்டு அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து நீக்கி விடுவித்தது. அந்த 19 குடும்பங்களையும் ஊரார் எந்தக் கண்ணால் பார்க்கிறார்களோ!

சட்டம் தடுக்காதா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிட முற்பட்ட வழக்கில், 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு வழி வகுத்தது. ஒருவருடைய குடும்ப அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி எழுதலாகாது. ஆனால் கோர்ட்டுத் தஸ்தாவேஜில் ஏறிவிட்ட விஷயத்தை எவரும் எழுதலாம். பலாத்காரம், ஆள் கடத்தல் முதலியவற்றுக்கு இரையான பெண்களின் பெயருக்கு மாத்திரம் பாதுகாப்பு. (அதே சங்கரின் கதை 2019-ல் ஜீ5-ல் தொடராயிற்று.) கொலையுண்டவரின் தாயாரிடம் அநுமதி கேட்க வேண்டுமென்பதில்லை. கேட்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லையே!

தொடர் வந்த சமயம் வகுப்பில் பையன்கள் சிவராசன், தாணு, சுபா என்று மளமளவென்று ஒப்பித்தார்கள். "மற்றபடி மாண்டவர்களில் ஒருவர் பெயராவது?" என்று கேட்டோம். மௌனம். கேட்ட நமக்கும் அன்று காலைவரை தெரியாது. தேடிப் படித்துவிட்டு வந்திருந்தோம். வெடிப்பதற்குச் சற்று முன் ராஜீவுக்குக் கவிதை சொல்லிக் காட்டிய பத்து வயதுச் சிறுமி ஒருத்தியும், அவள் தாயாரும் அங்கே மாண்டார்கள் என்று சொன்னோம். வகுப்பு அடங்கிப் போயிற்று. பிறகு கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அவள் என்ன கவிதை சொன்னாள்?" என்று கேட்டாள்.

நமக்குத் தெரியவில்லை. மணி அடித்துவிட்டது.