உருகிக் கம்பியும் சங்கீதமும்

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலுள்ள பெரியவர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஆளனுப்பினார். சங்கீதத்தில் தீராத பற்றுடையவர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தார் 1943-ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்த நிலையத்தின் கச்சேரிகளைத் தகப்பனாரின் வால்வு ரேடியோவில் கேட்டு வளர்ந்த செவி அவருடையது. இன்று அவரிடம் நல்லதொரு ஆம்ப்ளிபயர் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து வந்த உறவினர் அதற்கென ஒரு ப்யூஸைப் பரீட்சைக்காகக் கொடுத்துச் சென்றிருந்தார். விலை பன்னிரண்டாயிரம் ரூபாய்! கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கண்ணாடிக் குழல்தான். உள்ளே வெள்ளிக் கம்பி, மின்சாரம் செல்லும் திசையைக் காட்ட ஒரு அம்புக்குறி.

"தம்பி, இதைப் போட்டதும் கரகரப்பு நின்றது. வீணை துலக்கமாய்க் கேட்கிறது. வாங்கிவிடலாமா?" என்றார். அத்தொகை அவருடைய ஓய்வூதியத்தில் பெரும்பகுதி என்பதை நான் அறிவேன்.

நான் மின்சாரப் பொறிஞன் அல்லேன், ரயில்வேயில் கணக்கெழுதுகிறவன். ஆயினும் ரேடியோப் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கும் பைத்தியம் சிறுவயது முதலே உண்டு. ஆகவே அறிந்ததைச் சொன்னேன்.

ப்யூஸ் என்பது அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் உருகி அறுந்து, பெட்டியையும் வீட்டையும் காக்கும் கம்பி. அது சுவரிலிருந்து வரும் மின்சாரம் உள்ளே நுழையும் வாயிலில் நிற்கிறது. சங்கீதம் அதன் வழியாகச் செல்வதில்லை. அம்மின்சாரம் டிரான்ஸ்பார்மரில் அளவு மாறி, நேர்மின்னோட்டமாக்கப்பட்டு, பெரிய கண்டென்சர்களில் தேங்கிய பின்னரே ஒலியைப் பெருக்கும் வேலைக்கு வருகிறது. திசை காட்டும் அம்புக்குறியோ வெறும் வேடிக்கை. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு நூறு முறை திசை மாறுவது. அதற்கு எந்தத் திசையை அம்பு காட்டும்?

தடை பெரிதென்பார்களோ? சிறு ப்யூஸின் தடை ஏறக்குறைய ஒரு ஓமில் பத்திலொரு பங்கு. அரை ஆம்பியர் ஓடினால் அதில் இழப்பது 0.05 வோல்ட். 230 வோல்ட் எனப்படும் நம் தெரு மின்சாரமோ மாலை வேளையில் பத்து வோல்ட் ஏறி இறங்குகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, போக வர நாற்பது மீட்டர் சுவருக்குள் ஓடினாலே தடை அரை ஓமை நெருங்கிவிடும். அத்தனை நீளத்தையும் விட்டுவிட்டு இரண்டு சென்டிமீட்டரை மாற்றி என்ன பயன்?

"ஆனால் என் காதால் கேட்டேனே!" என்றார். பொய் சொல்லும் மனிதரல்லர்.

மின்தொடர்பைத் துண்டித்து ப்யூஸ் தாங்கியைக் கழற்றிப் பார்த்தேன். பித்தளைப் பிடியில் பச்சைக் களிம்பு! இங்குள்ள கடற்காற்றுக்கு இது புதிதன்று. பழைய ப்யூஸைப் பிடுங்கிப் புதியதைத் திணித்தபோது அக்களிம்பு சற்று உரசப்பட்டுத் தொடர்பு சீரானது. கரகரப்பு நின்ற காரணம் அதுவே. தாங்கியை நன்றாகத் துடைத்தபின், பெரியவரை முதுகு காட்டி உட்காரச் செய்து, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு ப்யூஸ்களையும் மாற்றி மாற்றிப் போட்டோம். மாற்றியவன் அவருடைய பேரன். செம்மங்குடி அவர்களின் ஒரே பதிவைப் பன்னிரண்டு முறை கேட்டு, எது எந்த ப்யூஸ் என்று சொன்னார். ஐந்து முறை சரியாயிற்று.

ஒன்றை மறைப்பது நியாயமன்று. சில பழைய பெருக்கிகளில் ஸ்பீக்கருக்குச் செல்லும் வழியிலேயே ப்யூஸ் வைத்திருப்பார்கள். அங்கே ஓடுவது சங்கீதமேதான். மிருதங்கத்தின் தொப்பி பலமாக ஒலிக்கையில் கம்பி சூடேறி அதன் தடை மாறும். ஒலி சிறிது சிதையும். விலையுயர்ந்த ப்யூஸும் உருகத்தான் வேண்டும். ஆகையால் அதுவும் சூடேறும்.

இதைவிட எனக்குக் கவலையளிப்பது வேறொன்று. ப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அதிக ஆம்பியர் உள்ளதைப் போடுவோரும், செப்புக் கம்பியைச் சுற்றிவைப்போரும் நம்மவரிடையே உண்டு. அவ்வாறு செய்தால் உருகுவது ப்யூஸ் அன்று. டிரான்ஸ்பார்மரும், சில வேளை கூரையும். குழலின் உலோக மூடியில் பொறித்த ஆம்பியரும் வோல்ட்டும், விரைவில் உருகுவதைக் குறிக்கும் எப் அல்லது தாமதித்து உருகுவதைக் குறிக்கும் டி எழுத்தும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

பெரியவர் ப்யூஸை உறவினருக்கே தபாலில் திருப்பிவிட்டார். இப்போது அவருடைய இசைத்தட்டுக் கருவிக்குப் புது ஊசி வந்திருக்கிறது. அதன் மாற்றத்தை முதுகு காட்டி உட்கார்ந்திருந்த நானும் கேட்டேன்.